வைத்தியசாலைச் சபைகளும் மக்களும்: கொழும்பை மையமாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் சுகாதார வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இரு விடயங்களிலேயே கவனஞ் செலுத்தியுள்ளனர். ஒன்று, மலேரியா, கொள்ளைநோய், வாந்திபேதி முதலிய நோய்களின் வரவும் ஒழிப்பும். மற்றையது, இலவச வைத்திய சேவையின் தோற்றமும் அதனால் விளைந்த நன்மைகளும். வைத்தியசாலை என்னும் தாபனத்தை ஆள்பவர் யார், அவர் யாருக்குப் பொறுப்புக் கூறவேண்டியவர், நோயாளிக்கு அவ்வாளுகையில் இடமுண்டா என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. கொழும்பு நகரை மையமாகக் கொண்டு அவ்வினாக்களை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வைத்தியசாலைச் சபை என்பது மருந்து கொடுக்கும் அமைப்பன்று. மருந்து இருக்கின்றதா என்று கேட்கும் அமைப்பு. அதன் கடமைகளை மூன்றாக வகுக்கலாம். வைத்தியசாலையின் பணத்தையும் சொத்தையும் காத்தல் முதலாவது. அங்கு வழங்கப்படும் சிகிச்சையின் தரத்துக்குப் பொறுப்பேற்றல் இரண்டாவது. வைத்தியசாலையை நாடி வருவோருக்குப் பதில் சொல்லுதல் மூன்றாவது. முதலாவது கடமை எக்காலத்தும் உணரப்பட்டே வந்துள்ளது. மற்றைய இரண்டும் சபையில் யார் அமர்ந்திருந்தனர் என்பதைப் பொறுத்தே கவனிக்கப்பட்டன, அல்லது கைவிடப்பட்டன. ஆகவே சபையின் கடமை பற்றிய ஆய்வு, சபையின் வர்க்க அமைப்புப் பற்றிய ஆய்வாகவும் அமைதல் தவிர்க்க முடியாதது.

கொடையாளரும் திணைக்களமும்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வைத்தியசாலைகள் பல தனவந்தரின் சந்தாப் பணத்தில் எழுந்தன. ஆண்டுச் சந்தா செலுத்தியவர் அவ்வைத்தியசாலையின் ஆளுநர்களுள் ஒருவரானார். சபைக் கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமையோடு, ஏழை நோயாளி ஒருவரை அனுமதிக்குமாறு பரிந்துரைக் கடிதம் கொடுக்கும் உரிமையும் அவருக்குக் கிடைத்தது. நோயாளியோ கடிதத்துக்காகக் கனவான் வீட்டு வாசலில் நின்றார். பணம் கொடுத்தவருக்கே ஆசனம் என்ற விதி இவ்வாறு உருப்பெற்றது.

இலங்கையில் நிலைமை சற்று வேறுபட்டது. ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோயாளர் விடுதியை அமைத்த காலந்தொட்டு, வைத்தியசாலை ஆட்சியாளரின் நிருவாகத் தேவையோடு பிணைந்திருந்தது. பிரித்தானியர் ஆட்சியில் 1858இல் சிவில் வைத்தியத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1864இல் கொழும்புப் பொது வைத்தியசாலையும் 1870இல் கொழும்பு வைத்தியக் கல்லூரியும் தோன்றின. சந்தாதாரர் சபை எதுவும் இவற்றை ஆளவில்லை. பிரதம சிவில் வைத்திய அதிகாரியின் அதிகாரம் ஆண்டது. அவர் ஆள்பதிக்குப் பொறுப்பானவர். ஆள்பதி இலண்டனிலுள்ள குடியேற்ற நாட்டுச் செயலாளருக்குப் பொறுப்பானவர். பொறுப்புக்கூறும் ஏணி மேல்நோக்கியே அமைந்திருந்தது. கட்டிலிற் கிடந்த நோயாளி அவ்வேணியின் எப்படியிலும் இடம்பெறவில்லை.

கொடையாளர் முறையின் சாயல்கள் இங்கும் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850இல் நண்பர் உதவிச் சங்கத்தின் வைத்தியசாலை தொடங்கிற்று. பிற்காலத்தில் அரசு அதனைப் பொறுப்பேற்றது. இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் மூலம் அதுவே. கொழும்பில் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் நன்கொடையால் 1879இல் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. சாராயக் குத்தகையாலும் பெருந்தோட்டங்களாலும் செல்வம் திரட்டிய சுதேச முதலாளி வர்க்கம், குடியேற்ற அரசின் கௌரவத்தையும் சமூகத்தின் மதிப்பையும் ஒருங்கே பெறும் வழியாகக் கொடையைக் கண்டது. இதனாற் கொடையின் பயனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பிரசவத்தில் இறந்திருக்கக்கூடிய எத்தனையோ தாய்மார் அக்கட்டிடத்தில் உயிர் தப்பினர். ஆயினும் கொடையாளரின் பெயர் வாசலிற் பொறிக்கப்பட்டதே தவிர, கொடை பெற்றோருக்குக் கேள்வி கேட்கும் உரிமை எதுவும் அதனாற் பிறக்கவில்லை.

தோட்டத் துரைமாரின் குழுக்கள்

வைத்தியசாலைச் சபையின் வர்க்கத் தன்மை மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம் மலையகமாகும். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் வழியிலும் லயங்களிலும் பெருந்தொகையாக மடிந்தமை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே அரசுக்குத் தலைவலியாக இருந்தது. அதன் விளைவாக 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டப் பிரதேசங்கள் வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. மாவட்டந்தோறும் குழுவொன்று அமைக்கப்பட்டுத் தோட்டத்தின் பரப்பளவுக்கேற்ப வரி விதிக்கவும், வைத்திய வசதிகளை ஒழுங்கு செய்யவும் அதற்கு அதிகாரம் அளிக்கப்பட்டது.

இலங்கையில் சட்டபூர்வமாகத் தோன்றிய வைத்தியசாலைச் சபைகளின் முன்னோடி இக்குழுக்களே எனலாம். அவற்றில் அமர்ந்தோர் தோட்ட முதலாளிகளும் துரைமாரும். வரியைக் குறைவாக வைத்திருப்பதில் அக்கறை கொண்டோர் எவரோ, அவர்களிடமே வைத்திய வசதியின் அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. இந்த முரண்பாடு நீடிக்க முடியாதது. 1880களின் தொடக்கத்தில் புதிய கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டு, பொறுப்பு அரசாங்க வைத்தியத் திணைக்களத்தின் கைக்கு மாறியது. 1912இல் சட்டம் மீண்டும் திருத்தி அமைக்கப்பட்டது. மாறாதது ஒன்றுண்டு. எவருடைய உடல்நலத்தின் பெயரால் இவ்வளவு சட்டங்களும் இயற்றப்பட்டனவோ அத்தொழிலாளி, எக்குழுவிலும் ஆசனம் பெறவில்லை. செலுத்துபவருக்கே ஆசனம் என்று கூறப்பட்ட போது, தோட்டத்தின் இலாபத்தை உழைத்துத் தந்தவன் எதையும் செலுத்தாதவனாகக் கணக்கிடப்பட்டான்.

கொட்டாஞ்சேனையும் நகரின் சுகாதாரமும்

கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தோன்றியது. வாக்குரிமை சொத்துடையோருக்கு உரியதாக இருந்தது. தலைவரோ அரசாங்க சிவில் சேவையாளர். துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், செட்டியார் தெரு ஆகிய பகுதிகளில் கப்பற்றொழிலாளரும் பண்டகசாலைக் கூலிகளும் சிறு வணிகரும் நெருங்கி வாழ்ந்தனர். அரிசி மூடையும் எலியும் நோயும் இப்பகுதிகளுக்குத் துறைமுக வழியாகவே வந்தன. மாநகர சபையின் முதலாவது சுகாதார வைத்திய அதிகாரியாக மார்ஷல் பிலிப் 1902இல் நியமிக்கப்பட்டார். 1914இல் கொள்ளைநோய் கொழும்பிற் பரவிய வேளையில், நகரச் சுகாதாரம் என்பது பங்களாவாசிகளின் வசதி பற்றியது மட்டுமன்று என்பதை ஆட்சியாளர் ஏற்க நேர்ந்தது. துறைமுகம் முடங்கினால் வணிகம் முடங்கும். வணிகம் முடங்கினால் ஏகாதிபத்தியத்தின் வருவாய் முடங்கும்.

மாநகர சபை நடத்திய இலவச மருந்தகங்களும் மகப்பேற்று நிலையங்களும் திணைக்களத்தின் பெரிய வைத்தியசாலைகளிலிருந்து ஒரு முக்கிய வகையில் வேறுபட்டன. அவற்றின் செலவை விவாதிப்போர் வட்டார வாக்காளரிடம் திரும்பிச் செல்லவேண்டியவர். வாக்குரிமை விரிய விரிய இவ்வேறுபாடு பொருள் பெற்றது. 1931இல் சர்வசன வாக்குரிமையின் கீழ் நடைபெற்ற அரசாங்க சபைத் தேர்தலில் கொழும்பு வடக்கின் பிரதிநிதியாகத் தெரிவானவர் வைத்தியரான இரத்தினசோதி சரவணமுத்து. தேர்தல் மனுவினால் அவர் ஆசனத்தை இழந்ததும், 1932இல் அவருடைய துணைவியார் நேசம் சரவணமுத்து அத்தொகுதியில் வெற்றி பெற்று, 1936இலும் மீண்டும் தெரிவு செய்யப்பட்டார். சரவணமுத்து 1937இல் கொழும்பு மாநகரின் தெரிவு செய்யப்பட்ட முதல் நகரபிதாவானார். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த உழைப்பாளர் தொகுதி ஒன்று, தமிழ்ப் பெண்மணியொருவரைச் சட்டசபைக்கு அனுப்பிய நிகழ்ச்சி, இனவாத அரசியல் மேலோங்குவதற்கு முந்திய நகரத்தின் இயல்பைக் காட்டுவதாகும்.

டொனமூர்க் காலமும் நிருவாகக் குழுவும்

டொனமூர் அரசியலமைப்பு 1931 முதல் 1947 வரை நடைமுறையிலிருந்தது. அதன் சிறப்பியல்பு, அரசாங்க சபை அங்கத்தவர் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து திணைக்களங்களை மேற்பார்வை செய்தமையாகும். சுகாதார நிருவாகக் குழுவின் தலைவரே சுகாதார அமைச்சர். ரி. பி. பானபொக்க, டபிள்யூ. ஏ. டி சில்வா, ஜோர்ஜ் ஈ. டி சில்வா ஆகியோர் முறையே அப்பதவியை வகித்தனர். குறைபாடுகள் பலவற்றைக் கொண்டிருந்தபோதிலும், வைத்தியசாலைகளின் மேல் அமைந்த கூட்டுச் சபை ஒன்று மக்கள் வாக்கினால் அமர்த்தப்பட்ட ஒரே காலப்பகுதி இதுவாகும்.

1934-35ஆம் ஆண்டு மலேரியாப் பெருந்தொற்றில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர் நிவாரணப் பணியில் இறங்கினர். அவ்வனுபவத்திலிருந்தே 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி உரம் பெற்றது. வாக்குரிமை பெற்ற கிராமத்தவரின் சாவு, வாக்குரிமையற்ற காலத்துச் சாவைப் போல எளிதில் மறைக்கப்படக்கூடியதாக இருக்கவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் பரந்து பெருகியமைக்கும், 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டமைக்கும் இந்த அரசியல் அழுத்தமே அடிப்படைக் காரணமாகும். இலவச வைத்தியம் எவரும் இட்ட பிச்சையன்று, வாக்குரிமையின் விளைபொருள்.

இதே காலத்தில் வேறொரு சோதனையும் வடக்கில் நிகழ்ந்தது. 1930களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை தோன்றியது. பங்கு வாங்கிய ஊரவரே அங்கத்தவராகவும், அங்கத்தவரே நிருவாக சபையைத் தெரிவு செய்வோராகவும், நோயுற்ற காலத்தில் அவர்களே நோயாளராகவும் இருந்தனர். பங்கு வாங்கும் வசதியற்றோர் நிலை யாது என்ற வினா எஞ்சுகின்றது. ஆயினும் நோயாளி ஒருவர் சபை மேசையில் அமரலாம் என்பதை இம்முயற்சி நிரூபித்தது.

1952ஆம் ஆண்டுச் சட்டம்

சோல்பரி அரசியலமைப்பு நிருவாகக் குழுக்களை ஒழித்தது. அதிகாரம் அமைச்சரவைக்கும் திணைக்களத்துக்கும் சென்றது. அவுஸ்திரேலியாவின் சுகாதாரப் பணிப்பாளர் நாயகமாக இருந்த கம்ஸ்ரன், இலங்கையின் வைத்திய, சுகாதார அமைப்புப் பற்றி 1950இல் அறிக்கை சமர்ப்பித்தார். அதன் பின்னர் 1952ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க சுகாதார சேவைகள் சட்டம் நிறைவேறிற்று. பிரதேச வைத்தியசாலைச் சபைகளையும் வைத்தியசாலைக் குழுக்களையும் அமைப்பதற்கு அச்சட்டம் இடமளித்தது.

இவ்வேற்பாட்டின் மூலத்தைத் தேடிச் செல்வது கடினமன்று. 1948 யூலை 5ஆம் நாள் பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கிய போது, வைத்தியசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டு, பிரதேச வைத்தியசாலைச் சபைகளிடமும் அவற்றின் கீழ் முகாமைக் குழுக்களிடமும் ஒப்படைக்கப்பட்டன. பழைய சந்தாதார ஆளுநரின் இடத்தைப் பொதுப் பணத்தின் பெயரால் நியமிக்கப்பட்டோர் பெற்றனர். பெயர் அளவில் அவ்வமைப்பு இங்கும் வந்தது, பொருளளவில் வரவில்லை. பிரித்தானியச் சபைகளிடம் வரவு செலவு இருந்தது. இலங்கையிலோ நிதி ஒதுக்கீடு, ஆளணி நியமனம், இடமாற்றம், மருந்துக் கொள்வனவு யாவும் அமைச்சிடமும் திணைக்களத்திடமுமே தங்கின. குழுவினர் பார்வையிடலாம், ஆலோசனை கூறலாம், கட்டளையிடல் இயலாது. கதவு திறக்கப்பட்டது, உள்ளே மேசை வைக்கப்படவில்லை.

இருப்பினும் அச்சட்டத்தின் வரலாற்று முக்கியத்துவத்தை மறுத்தல் தகாது. வைத்தியசாலையைச் சூழ வாழும் மக்களுக்கு அதன் நடப்பில் அக்கறை கொள்ளும் உரிமை உண்டு என்பதை அது எழுத்தில் ஏற்றது. இன்றும் நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் இயங்கும் வைத்தியசாலைக் குழுக்களும் அபிவிருத்திக் குழுக்களும் அவ்வெண்ணத்தின் வழித்தோன்றல்களாம். அவற்றின் வேலை பெரும்பாலும் மின்விசிறி, கட்டில், குடிநீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு நன்கொடை சேர்ப்பதாகச் சுருங்கிவிட்டமை, கேள்வி கேட்கவேண்டிய குழு உண்டியல் ஏந்தும் குழுவானதைக் காட்டுகின்றது.

சபையும் கட்டணமும்

1971இல் வெளிநோயாளர் பிரிவில் 25 சதக் கட்டணம் விதிக்கப்பட்டது; 1977இல் அது நீக்கப்பட்டது. தொகை சிறிதாயினும், இலவச சேவை மீள எடுக்கப்படக்கூடியது என்ற செய்தி அதிற் பொதிந்திருந்தது. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கை வேரூன்றியது. யப்பானிய அரசின் நன்கொடையாற் கட்டப்பட்டு 1984இல் திறக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பொது வைத்தியசாலை, திணைக்களத்தின் நேரடி ஆட்சியின் கீழ் வைக்கப்படவில்லை. 1983ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் அதற்கெனத் தனிச் சபை அமைக்கப்பட்டது. நோயாளரிடம் கட்டணம் அறவிடும் அரச வைத்தியசாலையாக அது இயங்கலாயிற்று.

இலங்கையில் முழு அதிகாரமுடைய வைத்தியசாலைச் சபை கட்டணத்தோடு கைகோத்தே வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. இலவச வைத்தியசாலைக்கு ஆலோசனைக் குழு. கட்டண வைத்தியசாலைக்கு அதிகாரமுள்ள சபை. செலுத்துபவருக்கே ஆசனம் என்ற 18ஆம் நூற்றாண்டின் விதி இங்கு மேலும் குறுகியது. கட்டணம் செலுத்தும் நோயாளியும் சபைக்கு வெளியிலேயே நின்றார். ஆசனங்கள் நியமனத்தால் நிரப்பப்பட்டன.

தனியார் துறையில் விடயம் இன்னும் வெளிப்படையானது. 1949ஆம் ஆண்டின் சட்டமொன்று தனியார் மருத்துவ மனைகளை ஒழுங்குபடுத்தியது. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால், சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் தலைமையில் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவை நிறுவப்பட்டது. காலி வீதியையும் அதன் அயலையும் நோக்கி வெள்ளவத்தையிலிருந்தும் பம்பலப்பிட்டியிலிருந்தும் செல்லும் நடுத்தர வர்க்கத்து நோயாளி, கம்பனியொன்றின் வாடிக்கையாளராகவே உள்நுழைகின்றார். அக்கம்பனியின் பணிப்பாளர் சபை சட்டப்படி முதலில் பதில் சொல்லவேண்டியது பங்குதாரருக்கு. நோயாளியின் கையில் எஞ்சுவது பற்றுச்சீட்டே.

தரத்துக்குப் பொறுப்பு யார்?

சபையின் கடமை கணக்கைச் சரிபார்ப்பதோடு முடிவதில்லை என்பதை உலக அனுபவம் உணர்த்தியுள்ளது. 1965இல் அமெரிக்காவின் இல்லினோய் மாநில உயர் நீதிமன்றம், கவனக்குறைவான சிகிச்சையாற் காலிழந்த இளைஞர் ஒருவரின் வழக்கில், சிகிச்சையின் தரத்துக்கு வைத்தியர் மட்டுமன்றி வைத்தியசாலையும் பொறுப்பாளி என்று தீர்த்தது. கட்டிடத்தைக் கட்டிக் கொடுத்து வைத்தியருக்கு இடம் கொடுத்ததோடு தம் வேலை முடிந்தது என்று சபையினர் இருக்க முடியாதாயிற்று. இங்கிலாந்தின் மத்திய ஸ்ரபோர்ட்சயர் வைத்தியசாலையில் நேர்ந்த அவலங்கள் பற்றி 2013இல் வெளிவந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கை, சபையானது நிதி இலக்குகளில் மூழ்கி, நோயாளரும் உறவினரும் எழுப்பிய குரலுக்குச் செவிசாய்க்கவில்லை என்று கண்டது.

பொதுமக்களைச் சபையில் அமர்த்தினால் வைத்தியத்தின் நுட்பம் அறியாதோர் தலையிடுவர் என்று வைத்தியத் துறையினர் சிலர் அஞ்சுவதுண்டு. அரசியல்வாதியின் ஆதரவாளர் ஆசனங்களை நிரப்புவர் என்ற அச்சமும் உண்டு. நம் நாட்டு அனுபவத்தில் இது ஆதாரமற்றதன்று. முதலாவது அச்சத்துக்கு மேற்கூறிய இங்கிலாந்து உதாரணமே விடையாகும். அங்கு குறைவாக இருந்தது நுட்ப அறிவன்று, கேட்கும் செவி. இரண்டாவது அச்சத்துக்கு விடை, நியமனத்தின் இடத்தில் தெரிவையும், இரகசியக் கூட்டத்தின் இடத்தில் வெளியிடப்படும் அறிக்கையையும் வைப்பதாகும்.

மொழி என்னும் சோதனைக்கல்

கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் கொழும்பின் பெரிய வைத்தியசாலைகளுக்குச் செல்வோருள் தமிழ் பேசுவோர் கணிசமானோர். 1956இல் சிங்களம் மாத்திரம் அரச கரும மொழியாயிற்று. தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் 1958இல் நிறைவேறியது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1991இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. இச்சட்ட வரலாறு முழுவதும் வைத்தியசாலை வார்டில் ஒரே வினாவாகச் சுருங்குகின்றது: சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்துக் கையொப்பமிடும் தாய், தாம் ஒப்பமிடுவது எதற்கென்று தம் மொழியில் அறிந்தாரா?

இது நலன்புரி வசதி பற்றிய சிறு விடயமன்று. நோயின் வரலாற்றைச் சொல்ல இயலாத நோயாளிக்குச் சரியான நோய்நிர்ணயம் கிடைப்பது அரிது. மருந்துண்ணும் முறையை விளங்காதவருக்கு மருந்தே நஞ்சாகலாம். 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடும் கடையும் எரியக் கண்ட சமூகத்தினருக்கு, அரசாங்கத் தாபனமொன்றின் வாசலில் தம் மொழி ஒலிப்பது நம்பிக்கையின் முதற் படியுமாகும். சட்டம் உரிமையை வழங்கியுள்ளது. அவ்வுரிமை இன்று காலை எத்தனை வார்டுகளில் நடைமுறையில் உள்ளது என்று மாதந்தோறும் கேட்கவேண்டிய இடம் வைத்தியசாலைச் சபையே.

முடிவுரை

இதுவரை கண்டவற்றை ஓர் இழையிற் கோக்கலாம். கடந்த ஒன்றரை நூற்றாண்டில் வைத்தியசாலைச் சபையின் ஆசனம் பணப்பையைப் பின்தொடர்ந்தே சென்றது. கொடையாளர் பெயர் பெற்றார். துரைமார் குழுவில் அமர்ந்தனர். சொத்துவரி செலுத்தியோர் மாநகர சபைக்கு வாக்களித்தனர். பங்குதாரர் பணிப்பாளரைத் தெரிவு செய்கின்றனர். இந்த விதியை ஏற்றுக்கொண்டு வாதிப்பினும் முடிவு வேறாகவே அமையும். இலங்கை அரசின் வரி வருவாயிற் பெரும்பகுதி மறைமுக வரிகளினால் வருவது. கொட்டாஞ்சேனையின் துறைமுகத் தொழிலாளியும் வெள்ளவத்தைச் சந்தையின் மரக்கறி வியாபாரியும் சீனியும் எண்ணெயும் வாங்கும் ஒவ்வொரு முறையும் தேசிய வைத்தியசாலைக்குச் சந்தா செலுத்துகின்றனர். பழைய ஆளுநர்களுக்கு ஆசனம் கொடுத்த அதே நியாயம் இவர்களுக்கும் ஆசனத்தைக் கொடுக்கவேண்டும்.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகள் மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்தன. உள்நாட்டவரும் புலம்பெயர்ந்தோரும் மருந்துகளை நன்கொடையாக அனுப்பினர். அவ்வுதவி போற்றற்குரியது. ஆனால், எந்த மருந்து எப்போது தீரும் என்பதை முன்கூட்டியே கேட்டுப் பகிரங்கப்படுத்தும் அதிகாரமுள்ள சபைகள் இருந்திருப்பின், தட்டுப்பாடு மக்களுக்குத் தெரிய வந்த நாள் வார்டு வெறுமையான நாளாக இருந்திருக்கவேண்டியதில்லை. கொடை பசியைத் தீர்க்கும், பொறுப்புக்கூறலை உண்டாக்காது.

ஆகவே மூன்று திருத்தங்கள் அவசியமாகின்றன. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் குழுக்களுக்குக் கணக்கையும் மருந்திருப்பையும் முறைப்பாட்டுப் பதிவையும் கேட்டுப் பெறும் அதிகாரம் வழங்கப்படல் வேண்டும். அக்குழுக்களில் வட்டார மக்களும் தாதியரும் சிற்றூழியரும் தெரிவு மூலம் இடம்பெறல் வேண்டும். அவற்றின் அறிக்கைகள் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடப்படல் வேண்டும். இவை புரட்சிகரமான கோரிக்கைகளல்ல. 1931இல் வாக்குப் பெட்டியருகே ஏற்கப்பட்ட கொள்கையை வைத்தியசாலைக் கட்டிலருகே கொண்டுவருவதே இதன் பொருள். அது நிறைவேறும் வரை, இலவச வைத்தியம் மக்களுக்காக நடத்தப்படுவதாக இருக்கலாம்; மக்களால் நடத்தப்படுவதாக இருக்காது.